சண்டைப் படத்தில் வழிப்போக்கர் செத்தால் மனம் ஏன் உறுத்துகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திரைப்படச் சங்கத்தில் சண்டைப் படம் ஒன்றைத் திரையிட்டு முடித்ததும் நடக்கும் உரையாடலில், யாராவது ஒருவர் சற்றே கூச்சத்துடன் ஒரே சந்தேகத்தை எழுப்புவார்: நாயகனும் வில்லனும் மோதியபோது நடுவில் மாட்டிச் செத்தவரைப் பற்றிப் படத்தில் ஏன் யாருமே பேசவில்லை? அதைத் தொடர்ந்து வரும் கேள்விகளும் ஏறத்தாழ ஒரே வகையானவை என்பதால், கேட்டவர்களின் வாய்ச்சொல்லை இயன்றவரை மாற்றாமல் இங்கே தொகுத்திருக்கிறேன். கதையின் பகையில் எந்தப் பங்கும் இல்லாமல், அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்த ஒரே காரணத்தால் உயிரிழப்பவரையே வழிப்போக்கர் என்று குறிப்பிடுகிறேன். சில படங்களின் முடிவுகள் வெளிப்படும். எல்லாமே பழைய படங்கள்தான்.

சினிமாதானே சார், பொய்யாகச் செத்தவருக்காக நிஜமாக வருத்தப்படுவது பைத்தியக்காரத்தனம் இல்லையா?

அப்படியானால் கர்ண மோட்சம் கூத்தில் விடிய விடிய உட்கார்ந்து கண்கலங்கியவர்கள் அத்தனை பேரையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும். நடப்பது நடிப்பு என்று தெரிந்திருந்தும் உணர்ச்சி மட்டும் உண்மையாக எழுவது எப்படி என்ற கேள்வியை 1975-ல் காலின் ராட்ஃபோர்டு என்ற மெய்யியலாளர் எழுப்பி, அவ்வாறு நெகிழ்வது அறிவுக்குப் பொருந்தாதது என்றே முடித்தார். அவருக்கு மறுப்பு எழுதியவர்கள் ஏராளம். விவாதம் இன்னும் ஓயவில்லை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கிலிருந்தும் அழுகை பிறக்கும் என்கிறது. அதற்கு உரை எழுதிய பேராசிரியர், தானே அவலித்தல், பிறர் அவலம் கண்டு அவலித்தல் என்று அழுகையை இரண்டாகப் பிரிக்கிறார். இரண்டாவது வகை குறைபாடாகவோ ஏமாளித்தனமாகவோ அங்கே எண்ணப்படவில்லை. கூத்தோ நாடகமோ திரைப்படமோ, இந்த இரண்டாவது வகை இல்லாவிட்டால் பார்வையாளர் என்று ஒருவர் இருக்கவே முடியாது.

நாயகனோட நண்பன் செத்தால் அழுகை வருது, தெருவுல போனவன் செத்தால் ஒண்ணுமே தோணலையே, ஏன்?

படம் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. நண்பனுக்கு ஒரு பெயர், ஒரு பாட்டில் பங்கு, அம்மாவிடம் சாப்பாடு கேட்கும் ஒரு காட்சி, சாகும்போது ஓர் அண்மைக் காட்சி, பின்னணியில் ஒரு புல்லாங்குழல் என்று எல்லாமே தரப்படுகின்றன. தெருவில் போனவருக்கு அரை நொடியும், கேமராவுக்குக் காட்டிய முதுகும்தான் மிச்சம். அவர் விழுந்த அடுத்த ஷாட்டில் நாயகன் ஓடிக்கொண்டிருப்பதால், விழுந்தவரை நினைக்க நமக்கு நேரமே இருப்பதில்லை.

பெயரும் முகமும் உள்ள ஒருவருக்கு இரங்கும் மனம், எண்ணிக்கையாக மட்டும் வருபவர்களுக்கு இரங்குவதில்லை என்பதைப் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1968-லேயே எழுதினார். 2007-ல் வெளியான டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகியோரின் ஆய்வில், மாலி நாட்டைச் சேர்ந்த ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றி மட்டும் படித்தவர்கள், பட்டினியால் வாடும் இலட்சக்கணக்கானோரின் புள்ளிவிவரத்தைப் படித்தவர்களைவிட இரு மடங்குக்கு மேல் நன்கொடை தந்தார்கள். சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, சிறுமிக்கென்று தரப்பட்ட தொகையே குறைந்துபோனது. இந்தச் சுபாவத்தை ஆய்வாளர்களுக்கு வெகுகாலம் முன்பே அறிந்து வைத்திருந்தவர்கள் படத்தொகுப்பாளர்கள்.

அப்படி இருந்தும் எனக்குச் சிலருடைய சாவு மட்டும் வருடக்கணக்கா மறக்கலையே?

அந்தச் சிலருக்குப் படம் ஏதோ ஒரு சிறு வாழ்க்கையைத் தந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். 'டெர்மினேட்டர் 2' (1991) படத்தில் மனநல மருத்துவமனையின் இரவுக் காவலர் ஒருவர் வருகிறார். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரையில் நடந்துவந்து இயந்திரத்தில் காபி எடுக்கிறார். அந்தக் காகிதக் கோப்பையில் சீட்டாட்டப் படங்கள் அச்சிடப்பட்டிருக்கும். கோப்பையைத் திருப்பிப் பார்த்து, தனக்கு நல்ல கை விழுந்திருக்கிறது என்று மகிழ்ச்சியோடு சொல்கிறார். அதற்குள் அவருக்குப் பின்னால், எந்த உருவத்தையும் எடுக்கவல்ல இயந்திர வில்லன் தரையிலிருந்து எழுந்து அவருடைய உருவத்தை எடுத்து நிற்கிறது. திரும்பியவர் தன் முகத்தையே எதிரில் பார்க்கிறார். நீண்ட விரல் ஒன்று கண் வழியாகப் பாய்கிறது. அந்த இரண்டு உருவங்களையும் நடித்தவர்கள் உண்மையான இரட்டையர்கள்.

கதைக்குத் தேவைப்பட்டது வில்லன் ஒரு காவலரின் உருவத்தை எடுப்பது மட்டுமே. காபியோ, கோப்பையோ, சீட்டு விழுந்த மகிழ்ச்சியோ அதற்குத் தேவையில்லை. ஆனால் அந்தச் சில நொடிகளில், தூக்கக் கலக்கத்தோடு இரவு ஷிப்ட் பார்க்கிற, சின்ன அதிர்ஷ்டத்துக்கே சிரிக்கிற ஒரு மனிதரை நாம் சந்தித்துவிடுகிறோம். அதன்பின் அவருடைய சாவைத் தொழில்நுட்ப வித்தையாக மட்டும் பார்க்க முடிவதில்லை. உங்களை விடாமல் தொடர்வது இதுபோன்ற ஏதோ ஒரு கோப்பையாகத்தான் இருக்கும்.

அடியாட்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமா? அவங்களும் வயிற்றுப் பிழைப்புக்குத்தானே வந்தாங்க?

அவர்கள் வேறு கணக்கு. கூலிக்கென்றாலும் ஆயுதத்தோடு வந்தவர் அந்தப் பகையில் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார். அவருக்காக இரங்கலாம், ஆனால் அவருடைய சாவும் பேருந்து நிறுத்தத்தில் நின்றவரின் சாவும் ஒன்றல்ல. 1997-ல் வந்த ஆஸ்டின் பவர்ஸ் நகைச்சுவைப் படத்துக்காக, அடியாள் ஒருவர் செத்ததும் அவருடைய வீட்டுக்குச் செய்தி போய் மனைவி கலங்கும் காட்சியைப் படமாக்கினார்கள். அது சிரிப்புக்காக எடுக்கப்பட்டது. சிரிப்பு வருவதற்குக் காரணமே, இப்படி ஒரு வீடு இருக்கும் என்று நாம் அதுவரை நினைக்காததுதான்.

வில்லனின் மாளிகையில் சமைப்பவர், தோட்டக்காரர், ஓட்டுநர் ஆகியோரே எனக்குச் சிக்கலானவர்கள். மாளிகை வெடித்துச் சிதறும்போது அவர்களை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று படம் சொல்வதே இல்லை. நான் வழிப்போக்கர் பக்கம்தான் சேர்ப்பேன்.

வில்லன் கொன்றால் சரி, அவன் கெட்டவன். நாயகனாலேயே அப்பாவிகள் செத்தால் அவரை எப்படி நாயகன் என்பது?

மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. காப்பாற்ற முயன்றும் இயலாமல் போவது ஒன்று. ஆபத்தை முன்கூட்டியே அறிந்தும் பொருட்படுத்தாமல் இருப்பது இன்னொன்று. அப்பாவியின் உடலையே கருவியாக்குவது மூன்றாவது. 'டோட்டல் ரீகால்' (1990) படத்தின் நகரும் படிக்கட்டுக் காட்சியில், நெரிசலில் குண்டடிபட்ட யாரோ ஒருவரின் உடலை நாயகன் கேடயமாகப் பிடித்துக்கொள்ள, அது மீண்டும் மீண்டும் துளைக்கப்படுகிறது. இயக்குநர் பால் வெர்ஹோவன் திரை வன்முறையைக் கேலியும் கொடூரமுமாகக் கலந்து காட்டுபவர் என்பதால், நம்மை நெளியவைப்பதே அவருடைய நோக்கம் என்று கொள்ள இடமுண்டு. அதே காட்சியை நெளிவே இல்லாமல் விசிலுக்காக எடுத்தால் அது அந்த நாயகனைப் பற்றி மட்டுமல்ல, எடுத்தவரைப் பற்றியும் ஒன்றைச் சொல்லிவிடுகிறது.

முதல் நிலைக்கு 'டை ஹார்ட் 2' (1990) எடுத்துக்காட்டு. தீப்பந்தங்களோடு ஓடுபாதையில் நின்று நாயகன் எவ்வளவோ முயன்றும், பயணிகள் நிறைந்த விமானம் தரையில் மோதி வெடிக்கிறது. அவர்மீது குற்றமில்லை. ஆனால் அதே இரவு முடிவதற்குள் படம் கணவனும் மனைவியும் கட்டித் தழுவ, கிறிஸ்துமஸ் காலப் பாட்டோடு உற்சாகமாக முடிகிறது. அதே விமான நிலையத்தில் உறவினர்களை அழைத்துப்போக வந்து காத்திருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று படத்துக்குத் தெரியாது. இங்கே என் புகார் நாயகன்மீது அல்ல, படத்தின்மீது.

பெரிய பெரிய கட்டடம் எல்லாம் சரியுதே, உள்ளே ஆள் இருந்தாங்களா இல்லையான்னு யாருமே கேட்க மாட்டாங்களா?

ஒருமுறை உலகமே கேட்டது. 'மேன் ஆஃப் ஸ்டீல்' (2013) படத்தின் இறுதியில் மெட்ரோபோலிஸ் நகரின் மையம் தரைமட்டமாகிறது. அதன்பின் சூப்பர்மேனும் வில்லன் ஸாடும் மிச்சமிருந்த கட்டடங்களுக்குள் புகுந்து புறப்பட்டு மோதுகிறார்கள். கடைசியில் ஒரு ரயில் நிலையத்தில், ஸாடின் கண்ணிலிருந்து பாயும் கதிர் ஒரு குடும்பத்தை நெருங்கும்போது, வேறு வழியின்றிச் சூப்பர்மேன் அவன் கழுத்தை முறித்துவிட்டுக் கதறுகிறார். அந்தக் குடும்பத்துக்காகக் கதறியவர் சரிந்த கோபுரங்களுக்காக ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையே என்று விமர்சகர்களும் ரசிகர்களும் கொதித்தார்கள். நியாயமாகச் சொன்னால், இடிபாட்டில் சிக்கிய பெண் ஊழியரை விட்டுப்போக மனமில்லாமல் பத்திரிகை ஆசிரியர் பக்கத்திலேயே நிற்கும் நல்ல காட்சி ஒன்றும் அதே படத்தில் உண்டு. ஆனால் அவர்கள் பெயருள்ளவர்கள். இரண்டாம் கேள்விக்கான பதில் இங்கேயும் பொருந்துகிறது.

2016-ல் வந்த அடுத்த படம் அதே அழிவைத் தரையிலிருந்து காட்டித் தொடங்குகிறது. பேட்மேனாகிய புரூஸ் வெய்ன் புழுதிக்குள் ஓடுகிறார். அவருடைய நிறுவனக் கட்டடம் சரிகிறது. ஊழியர் ஒருவரின் கால்கள் உத்தரத்தடியில் நசுங்கிக் கிடக்கின்றன. அம்மா எங்கே என்று கேட்டால் ஒரு சிறுமி இடிந்த கட்டடம் இருந்த திசையில் விரலை நீட்டுகிறாள். முந்தைய படத்தில் கணினியால் வரைந்த புகையாக இருந்தது, அந்த விரலால் ஒரு வீட்டின் இழப்பாகிவிட்டது. சூப்பர்மேனைப் புரூஸ் வெறுப்பதற்கு அதுவே போதுமான காரணமாகவும் அமைகிறது. ஆனால் அதே படத்தின் இறுதிச் சண்டையில், வேலை நேரம் முடிந்ததால் நகர மையம் ஏறத்தாழக் காலி என்றும், சண்டை நகரும் தீவில் குடியிருப்பவர் யாருமில்லை என்றும் வசனத்திலேயே சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். கேள்வி காதில் விழுந்ததற்கு அந்த வசனங்களே சாட்சி. பதில் சொன்னதாக நான் ஏற்கமாட்டேன்.

ரத்தம் காட்டாத படம்னா பிள்ளைகளுக்கு நல்லதுதானே?

நான் அப்படி நினைக்கவில்லை. அமெரிக்காவில் 1984-ல் பதிமூன்று வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோரை எச்சரிக்கும் ஒரு புதிய தரச்சான்று உருவானது. பதினேழு வயதுக்குட்பட்டோர் பெரியவர் துணையின்றிப் பார்க்க முடியாத முத்திரையைத் தவிர்த்துப் பெரிய வசூலைப் பெற அந்தச் சான்றே வழி என்பதால், சண்டையைக் குறைப்பதற்குப் பதிலாக அதன் விளைவைக் குறைத்தார்கள்: குண்டு பாயும், ரத்தம் வராது, ஆள் விழுவார், முனகமாட்டார். அந்தச் சான்று பெற்ற வெற்றிப் படங்களில் துப்பாக்கி வன்முறை 1985-க்குப் பின் மும்மடங்குக்கு மேல் பெருகியதாக, 2013-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. இந்தியாவில் 2023-ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டம் 7, 13, 16 என்று யுஏ சான்றை மூன்றாகப் பிரித்திருக்கிறது. வயதைப் பிரித்திருக்கிறார்களே தவிர, இந்தச் சிக்கல் அப்படியேதான் இருக்கிறது.

ரத்தத்தை விரும்பி இதைச் சொல்லவில்லை. வலியே இல்லாமல் விழுகிறவர் மேசையிலிருந்து விழும் பொருளுக்குச் சமமாகிவிடுகிறார். அவருக்காக இரங்கும் வாய்ப்பும் அங்கேயே அடைபட்டுவிடுகிறது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கவலை. நம்ம மரபுல வீரம்தானே பெரிசு?

புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டைப் பாருங்கள். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடும் நெட்டிமையார், அவன் போருக்குமுன் செய்யும் அறிவிப்பைச் சொல்கிறார்: பசுக்களும், பசுவின் இயல்புடைய பார்ப்பனரும், பெண்களும், பிணியுற்றோரும், இன்னும் புதல்வரைப் பெறாதவர்களும் பாதுகாப்பான இடம் சேருங்கள், அம்பு விடப்போகிறோம். வீரத்தின் பகுதியாகவே அது பாடப்படுகிறது. சிலப்பதிகாரத்தில் மதுரையை எரிக்கும் கண்ணகிகூட, பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிட்டுத் தீயோர் பக்கமே சேருமாறு தீக்கடவுளுக்குக் கட்டளையிடுகிறாள். தமிழின் மிகப் பெரிய பழிவாங்கும் காட்சியிலேயே வழிப்போக்கரைப் பற்றிய நினைப்பு இருக்கிறது.

அந்தப் பட்டியல்கள் அந்தக் காலத்து மதிப்பீட்டின்படி அமைந்தவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பட்டியலிலும் இல்லாத, தீயோரும் அல்லாத, நாளங்காடியில் மூட்டை தூக்கிய ஆள் என்ன ஆனார் என்று ஒருவர் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ஆனால் அது கேட்கத் தகுந்த கேள்வி.

தமிழ்ப் படத்தில் இதை ஒழுங்காகக் காட்டியது எது?

என் தேர்வு 'எந்திரன்' (2010), அதுவும் பாதிதான். தீப்பிடித்த குடியிருப்பிலிருந்து ஒவ்வொருவராக மீட்கும் சிட்டி, குளித்துக்கொண்டிருந்த பெண்ணையும் ஆடையின்றி அப்படியே தூக்கிவந்து கூட்டத்தின்முன், தொலைக்காட்சிக் கேமராக்களின்முன் நிறுத்துகிறது. உயிரைக் காப்பாற்றியாயிற்று என்பதே அதன் கணக்கு. அவமானம் தாங்காமல் ஓடும் அந்தப் பெண் வாகனத்தில் அடிபட்டுச் சாகிறாள். அதற்கு முன்னும் பின்னும் கதையில் அவளுக்கு வேலை இல்லை. ஆனால் அவளுடைய சாவுதான், எந்திரத்துக்கு மனித உணர்ச்சியைப் புரியவைக்க வேண்டும் என்ற முடிவுக்கு விஞ்ஞானியைத் தள்ளுகிறது. ஒரு வழிப்போக்கரின் சாவைச் சுற்றியே முழுக் கதையும் திரும்புவது நம் வணிகப் படங்களில் அரிது.

பாதி என்றதற்குக் காரணம், பிற்பகுதியில் சிட்டி கொன்று குவிக்கும் காவலர்கள். அவர்கள் கூட்டமாக வந்து கூட்டமாகவே சாகிறார்கள், அரங்கம் கைதட்டுகிறது. முடிவில் நீதிமன்றம் சிட்டியைப் பிரித்துப்போட உத்தரவிடுவதால் கணக்கு ஓரளவு தீர்கிறது என்றாலும், நாம் அழுவது செத்தவர்களுக்காக அல்ல, தன்னைத்தானே கழற்றிக்கொள்ளும் சிட்டிக்காகத்தான்.

பொதுவாக நம் துரத்தல் காட்சிகளில் காய்கறித் தள்ளுவண்டிதான் பலியாகும். தக்காளி உருண்டோடும், வண்டிக்காரர் தலையில் கைவைப்பார், படம் போய்விடும். உயிர்ச்சேதம் இல்லையென்றாலும் அன்றைய முதல் அத்தனையும் போனது அந்த மனிதருக்கு. அவரையும் இந்தப் பக்கத்தில் ஓர் ஓரமாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

ஒவ்வொரு சாவுக்கும் நின்று அழுதால் படம் எப்படி நகரும்?

ஒவ்வொன்றுக்கும் நிற்க வேண்டியதில்லை. மேலே சொன்ன அதே 1991-ஆம் ஆண்டுப் படத்தில், யாரையும் கொல்லமாட்டேன் என்று சிறுவன் தன்னைக் காக்க வந்த எந்திரத்திடம் சத்தியம் வாங்கிக்கொள்கிறான். பிறகு அது காவல் வண்டிகளைச் சல்லடையாக்கியபின், உயிர்ச்சேதம் சுழியம் என்று அதன் பார்வைத்திரையில் எழுத்து ஓடும்போது அரங்கமே சிரித்துக் கைதட்டும். சண்டை துளியும் குறையவில்லை. 'ஸ்பீடு' (1994) படத்தில் பேருந்து ஒரு குழந்தை வண்டியை மோதித் தூக்கியெறிகிறது. மூச்சு நின்றுபோகும் நொடியில், உள்ளே இருந்தவை காலி டப்பாக்கள் என்று தெரிகிறது. வழிப்போக்கருக்காக நமக்கு எழும் பயத்தையே அந்தக் காட்சி விசையாகப் பயன்படுத்துகிறது.

சாவைத் தவிர்க்கவே முடியாத கதை என்றால் அதற்கு விளைவு இருக்கலாம். 2015-ன் அவெஞ்சர்ஸ் படத்தில் சொகோவியா நகரம் அழிந்தது. 2016-ல் வந்த 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' படத்தில், அங்கே செத்துப்போன மகனின் படத்தை அவெஞ்சர்ஸ் குழுவைச் சேர்ந்த டோனி ஸ்டார்க்கின் கையில் திணிக்கிறாள் ஒரு தாய்; அதே அழிவில் குடும்பத்தை இழந்த ஒருவனே வில்லனாகவும் வருகிறான். தாய் வரும் காட்சி மிகச் சிறியது. படத்தின் பகை முழுவதும் அதிலிருந்தே கிளம்புகிறது.

செய்தியில் நூறு பேர் செத்தாலும் சேனலை மாற்றுகிறவர், படத்தில் ஒருவருக்காக வருந்துவது நடிப்பு இல்லையா?

இது கடினமான கேள்வி. ரோக்கியாவைப் பற்றிச் சொன்னதே இங்கும் நடக்கிறது: செய்தி எண்ணிக்கையைத் தருகிறது, படம் முகத்தைத் தருகிறது. ஆகவே மனம் வேறுபட்டு நடந்துகொள்வது போலித்தனம் அல்ல. நம் இரக்கம் எவ்வளவு எளிதில் பிறரால் திசைதிருப்பப்படக்கூடியது என்பதற்கான சான்று. யாரை அண்மையில் காட்டுவது, யாரைக் கூட்டத்தில் கரைப்பது என்ற முடிவைத் திரைப்படத் தொகுப்பறையில் எடுப்பதைப் போலவே செய்தி அறையிலும் எடுக்கிறார்கள். படத்தில் அந்த முடிவைக் கவனிக்கப் பழகியவர் செய்தியிலும் கவனிப்பாரா என்றால், சிலர் கவனிக்கிறார்கள்; எல்லோரும் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் படப்பிடிப்பில் நிஜமாகவே செத்தவர்களை இந்தக் கேள்வி கேட்பவர்களும் மறந்துவிடுகிறார்கள். 1982-ல் கலிபோர்னியாவில் நள்ளிரவுப் படப்பிடிப்பில் ஹெலிகாப்டர் விழுந்து ஒரு நடிகரும் இரண்டு குழந்தைகளும் இறந்தார்கள். அந்தக் குழந்தைகள் சட்டத்துக்குப் புறம்பாக வேலைக்கு அமர்த்தப்பட்டவர்கள். வழக்கு நடந்து 1987-ல் குற்றம்சாட்டப்பட்ட ஐவரும் விடுதலையானார்கள். 2020 பிப்ரவரியில் சென்னைக்கு அருகே படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூன்று பணியாளர்கள் இறந்தார்கள். அந்த நடிகரைத் தவிர, இவர்கள் முகம் எந்தத் திரையிலும் வராது.

என் மகள் "அந்த மாமா வீட்டுக்குப் போயிட்டாரா?" என்று கேட்டாள். என்ன சொல்வது?

"அது சும்மா நடிப்பும்மா, நீ படத்தைப் பார்" என்று அடக்குவதுதான் வழக்கம். அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது: நடித்தவர் எழுந்து, சாயத்தைத் துடைத்துக்கொண்டு, சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார், பயந்திருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். ஆனால் அவள் கேட்டது கதைக்குள் இருக்கும் மாமாவைப் பற்றியும் இருக்கலாம். அப்படியானால், அவர் வீட்டுக்குப் போகவில்லை, படம் எடுத்தவர்கள் அதைக் காட்டவில்லை என்று நேராகவே சொல்லலாம்.

அதற்கு அவள், "ஏன் காட்டலை?" என்று கேட்பாள். அவள் வயதுக்கேற்ப, இரண்டாம் கேள்விக்கான பதிலிலிருந்து தொடங்குங்கள்.